சர்வேயும் வருகிறது, பட்ஜெட்டும் வருகிறது. இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

மூணாவது மாடி:

சென்னைக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருக்கிறேன். எந்த இடம் என்று சொல்லவில்லை, சொன்னால் பேச்சு முழுக்க அந்த இடத்தைப் பற்றியே போய்விடும். முன்னால் ஆற்றோரம் இருந்தோம், 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

இங்கே சர்வே எடுக்க யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சமூகப்பணி படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள், தொண்டு நிறுவனக்காரர்கள், ஒருமுறை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொண்டு டேப்லெட்டோடு ஒரு குழு. ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு, முன்னால் எங்கே வேலை, இப்போது எங்கே, பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டதா, வீட்டுக்காரர் குடிப்பாரா. கடைசிக் கேள்விக்கு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "இதை உங்க வீட்ல கேட்டியாம்மா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அந்தப் பெண் பாவம், அதையும் எழுதிக்கொண்டு போனது.

பட்ஜெட் சமயத்தில் டிவியில் நகர்ப்புற ஏழைகளுக்கு இத்தனை கோடி, குடிசையில்லா நகரங்களுக்கு இத்தனை கோடி என்று ஓடும். எங்கள் பிளாக்கில் லிஃப்ட் நின்றது நின்றபடி இருக்கிறது, கர்ப்பமாக இருக்கும் பெண்கள் படியேறுகிறார்கள்.

நான் கேட்க வந்தது லிஃப்ட் பற்றி இல்லை. இவர்கள் எழுதிக்கொண்டு போவதற்கும் அந்தக் கோடிகளுக்கும் தொடர்பு உண்டா? நாங்கள் சொல்லும் பதில் எந்த மேசைக்காவது போகிறதா, இல்லை யாரோ ஒருவர் பட்டம் வாங்குவதோடு சரியா? அப்புறம், பட்ஜெட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு என்று எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு சாதாரண ஆள் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? கட்சிச் சண்டை வேண்டாம், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:

அரசுக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டாவது கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

"நகர்ப்புற ஏழைகள்" என்று பட்ஜெட் புத்தகத்தில் ஒரே இடம் கிடையாது தம்பி. வீடு கட்டுவது வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை மானியக் கோரிக்கையில் இருக்கும், அதாவது துறை தனக்கு வேண்டிய பணத்தைச் சட்டமன்றத்தில் கேட்கும் புத்தகத்தில். குடிநீர், கழிவுநீர், உள்ளாட்சிக்குப் போகும் பங்கு நகராட்சி நிர்வாகத் துறையில். ரேஷன் உணவுத் துறையில். பெண்களின் பேருந்துப் பயணத்துக்கு அரசு தரும் ஈடு போக்குவரத்துத் துறையில். ஒரே குடும்பத்துக்கு வரும் பணம் ஏழெட்டுப் புத்தகத்தில் சிதறிக் கிடக்கிறது, அதைக் கூட்டிக் காட்டும் பக்கம் எங்கேயும் இல்லை. கணக்குத் தலைப்பு எண்கள் மட்டும் எல்லா மாநிலத்துக்கும் பொது. 2216 என்றால் வீட்டுவசதி, 2217 நகர்ப்புற வளர்ச்சி, 4216 என்றால் வீட்டுவசதிக்கான மூலதனச் செலவு. இந்த மூன்றையும் தெரிந்துவைத்துக்கொண்டால் தேடுவது கொஞ்சம் சுலபம்.

நிதியமைச்சர் உரையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். துறைவாரிப் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் நாலு எண் இருக்கும்: கணக்கு முடிந்த ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பாண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. டிவியில் ஓடுவது இந்த நாலாவது எண். நான் முதல் எண்ணைத்தான் பார்ப்பேன். போட்டதும் செலவானதும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்த்தாலே துறை அந்தத் திட்டத்தை எவ்வளவு மதிக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாப் புத்தகமும் நிதித்துறை இணையதளத்தில் தமிழிலேயே இருக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. மானியக் கோரிக்கை விவாதத்தின்போது துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு இன்னும் வாசிக்கத் தகுந்தது, அதில் எந்த ஊரில் எத்தனை வீடு என்ற அளவுக்குப் பட்டியல் வரும்.

லிஃப்ட் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், இதில்தான் பட்ஜெட்டின் சுபாவம் தெரியும். கட்டடம் கட்டுவது மூலதனச் செலவு. அதற்கு மத்திய அரசும் பங்கு தருகிறது, பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு ஒன்றரை லட்சம். கட்டி முடித்தால் எண்ணிக்கை சொல்லலாம், ரிப்பன் வெட்டலாம். அந்த லிஃப்டை 20 வருஷம் ஓட வைப்பது பராமரிப்பு, அதற்கு டில்லியில் இருந்து எதுவும் வராது. குடியிருப்போரிடம் மாதாமாதம் வசூலிப்பது என்று வைத்தார்கள், கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் அது ஒழுங்காக வசூலாகாது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? இப்போது 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒன்று இருக்கிறது, சங்கம் வசூலிக்கும் தொகைக்குச் சமமாக அரசும் போடும். யோசனை நல்லதுதான், ஆனால் சங்கம் பலமாக இருக்கும் இடத்துக்குத்தான் அதிகம் போகும். வசூல் நடக்காத பிளாக்குக்கு அரசுப் பங்கும் கிடைக்காது.

இன்னொரு உதாரணம். கொரோனா சமயத்தில் சி. ரங்கராஜன் தலைமையில் மாநில அரசு அமைத்த குழு, கிராமத்து நூறுநாள் வேலை மாதிரி நகரத்திலும் ஒன்று வேண்டும் என்று 2020ல் பரிந்துரைத்தது. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று சோதனை முயற்சியாக 100 கோடியில் ஆரம்பித்தார்கள். மகளிர் உரிமைத்தொகைக்கு 2023-24ல் 7,000 கோடி, அடுத்த ஆண்டு 13,720 கோடி. இரண்டும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். ஆனாலும் குழு அறிக்கையோடு வந்த திட்டம் 100 கோடியில் நிற்கிறது, தேர்தல் அறிக்கையோடு வந்த திட்டம் ஆயிரக்கணக்கில் போகிறது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் ஏறக்குறைய இதுதான்.

வரி கட்டுறவன்:

எல்லாம் சரி, வீடு கொடுத்தாச்சு, ரேஷன் கொடுத்தாச்சு, மாசம் ஆயிரம், பஸ் இலவசம். இதுக்கு மேல என்ன பட்ஜெட் வேணும்? நடுத்தரக் குடும்பத்துக்கு எந்தப் புத்தகத்துல எந்தப் பக்கம்?

மூணாவது மாடி:

வீட்டைக் கொடுத்துவிட்டு வேலையை எடுத்துக்கொண்டார்கள் சார். அம்மா நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார், நடந்து போகும் தூரம். இங்கே வந்த அப்புறம் காலை ஐந்தரைக்குப் பேருந்து பிடித்தால்தான் இரண்டு வீடாவது தேறும். மற்றபடி உங்களோடு சண்டை போட வரவில்லை, சோப்பும் பவுடரும் வாங்கும்போது நாங்களும் வரி கட்டுகிறோம்.

கள ஆய்வு மாணவி:

ஃபாரத்தோடு வரும் கூட்டத்தில் நானும் ஒருத்தி, அதனால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்வதுதான் நியாயம்.

கல்லூரியில் இருந்து வருபவர்கள் எடுக்கும் சர்வேயில் பெரும்பகுதி எந்த அரசு மேசைக்கும் போவதில்லை. ஆய்வேடாகக் கட்டப்பட்டு நூலகத்தில் உட்காரும், கொஞ்சம் கட்டுரையாகும். ஆனால் சர்வே எல்லாமே வீண் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், எந்த சர்வே என்பதைப் பொறுத்தது. ஒரு சர்வே பட்டியலாக மாறினால் அதன் பின்னால் பணம் வரும். பட்டியலாகாத சர்வே அறிக்கையாக நின்றுவிடும்.

பட்டியல் என்றால் என்ன என்று பாருங்கள். 1970ல் குடிசை மாற்று வாரியம் வந்தது, 1971ல் அதற்கான சட்டம். அந்தச் சட்டப்படி ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவிக்க வேண்டும். அறிவித்தால்தான் குடிநீர், கழிப்பறை, விளக்கு என்று மேம்பாட்டுப் பணிக்கு உரிமை, இஷ்டத்துக்குக் காலி செய்ய முடியாதபடி ஒரு பாதுகாப்பும் கிடைக்கும். அப்போது நகரம் முழுக்கக் கணக்கெடுத்து 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985ல் இன்னும் 17. அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்குப் புதிதாக எதுவும் சேரவில்லை. நகரம் இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆகிவிட்டது, பட்டியல் மட்டும் எழுபதுகளிலேயே இருந்தது. வாரியத்தின் பெயர்கூட 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. 1985க்கு அப்புறம் உருவான குடியிருப்பில் இருப்பவர் எத்தனை ஃபாரம் நிரப்பினாலும் சட்டத்தின் கண்ணில் அவர் இடம் "அறிவிக்கப்படாதது"தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே சிக்கல். 2011ல் சென்னையில் குடிசைப் பகுதிகளில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று வந்தது, அதாவது நகரத்தில் நான்கில் ஒருவருக்கும் மேல். அதில் அறிவிக்கப்படாத இடங்களும் சேரும், ஆனால் குறைந்தது 60, 70 குடும்பங்கள் நெருக்கமாக இருந்தால்தான். பாலத்தடியில் இருக்கும் பதினைந்து குடும்பம், நடைபாதையில் படுப்பவர், கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தங்கும் வெளிமாநிலத் தொழிலாளி, இவர்கள் யாரும் அந்த 13 லட்சத்தில் இல்லை. 2021ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு எடுக்கப்படவே இல்லை, இப்போது 2027 என்கிறார்கள். அதுவரைக்கும் எல்லாக் கணக்கும் 2011தான்.

இது உங்கள் பக்கத்தில் எப்படிக் கடிக்கிறது என்பதற்குப் பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மத்திய அரசின் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். குடியேற்றியதில் பெரும்பகுதி 2015க்கு அப்புறம். ஆனால் இடம் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சியாக இருந்த இடம். மாநகரத்தின் நடுவில் இருந்து தூக்கிய குடும்பங்களைக் கொண்டுபோய் ஒரு ஊராட்சியில் வைத்தார்கள். உள்ளாட்சிக்கு நிதி பிரிக்கும்போது மக்கள்தொகை முக்கியமான அளவுகோல், அந்த மக்கள்தொகை 2011 கணக்கு. அந்தக் கணக்கில் இந்தக் குடும்பங்கள் கூவம் ஓரத்தில், அடையாறு ஓரத்தில், சென்னை மாநகராட்சியின் ஆட்களாக இருக்கிறார்கள். குப்பை அள்ள வேண்டியது ஒரு உள்ளாட்சி, தலைக்கணக்கு இருப்பது இன்னொன்றில். இன்னொரு மறுகுடியமர்வு இடமான கண்ணகி நகருக்கு இந்த அளவு சிக்கல் இல்லை, 2000 வாக்கில் ஆரம்பித்தபோது அதுவும் ஊராட்சிதான், 2011ல் ஒக்கியம் துரைப்பாக்கத்தை மாநகராட்சியோடு சேர்த்ததால் உள்ளே வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை ஐயா, அறிக்கை என்றாலே 100 கோடி என்று சொல்லிவிட்டீர்கள். உலக வங்கிக் கடனில் 1977ல் ஆரம்பித்த சென்னை நகர வளர்ச்சித் திட்டம் ஆய்வு, கணக்கெடுப்பு எல்லாவற்றையும் வைத்துத்தான் ஓடியது. கடன் கொடுப்பவர் கணக்கு கேட்பார், அதனால் சர்வேக்கு மதிப்பு வந்தது. இருந்த இடத்திலேயே வசதி செய்து கொடுப்பது, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மாதிரி இடங்களில் தெருவும் குழாயும் போட்டு மனையாகக் கொடுப்பது என்று போனார்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:

கொடுத்தார்கள், அப்புறம் அதை விட்டும் விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று உங்கள் ஆய்வுக்காரர்கள் சொன்னார்களா?

கள ஆய்வு மாணவி:

சொன்னார்கள், ஆனால் தாமதமாக. அந்த மனைகள் மெதுவாக நிரம்பின, ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை, தோல்வி என்று அப்போது முடிவு கட்டிவிட்டார்கள். உலக வங்கி ஆய்வாளர்களே இருபது வருஷம் கழித்து மும்பையிலும் சென்னையிலும் திரும்பிப் போய்ப் பார்த்து, 2018ல் எழுதினார்கள்: நாம் தோல்வி என்று நினைத்தது நன்றாகவே வந்திருக்கிறது, பலதரப்பட்ட வருமானக்காரர்கள் கலந்து வாழும் உயிருள்ள பேட்டைகளாக இருக்கின்றன என்று. அதற்குள் அந்த வழியை அரசுகள் எப்போதோ கைவிட்டுவிட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகமதாபாத்தில் குடிசைவாசிகளுக்குக் குலுக்கல் போட்டு நகருக்கு வெளியே வீடு கொடுத்தார்கள். குலுக்கலில் ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் 14 வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. ஜெயித்தவர்களுக்கு வீடு நல்ல வீடு. வருமானத்தில் மாற்றம் இல்லை, பிள்ளைகள் நிலைமையிலும் மாற்றம் இல்லை. சொந்தபந்தம் தூரமாகி, அவசரத்துக்குக் கைமாற்று வாங்க ஆள் இல்லாமல் போனது. 34 சதவீதம் பேர் அந்த வீட்டுக்குக் குடிபோகவே இல்லை, இன்னும் 32 சதவீதம் பேர் போய்விட்டு வெளியேறினார்கள். மூன்றில் இரண்டு பங்கு! மூணாவது மாடி தம்பி அம்மாவைப் பற்றிச் சொன்னதுதான் அங்கே எண்ணாக இருக்கிறது.

பழைய கணக்குப்பிள்ளை:

அதைத்தான் நானும் சொல்கிறேன். 2017ல் ஆய்வு வந்தபோது பெரும்பாக்கத்தில் கட்டடம் எழும்பி ஆள் குடியேறியாகிவிட்டது. டெண்டர் விட்டு, முதல் தவணை வாங்கி, பயன்பாட்டுச் சான்று அனுப்பிய கோப்பை எந்த ஆய்வும் நிறுத்தாது.

ஏன் ஊருக்கு வெளியே கட்டினார்கள் என்பதிலும் மர்மம் ஒன்றும் இல்லை. மத்திய அரசுப் பணம் கட்டுமானத்துக்கு. நிலம் மாநிலம் கொண்டுவர வேண்டும். ஊருக்குள் நிலத்தின் விலை தங்கம், ஊருக்கு வெளியே புறம்போக்கு பெரிய பரப்பாக ஒரே இடத்தில் கிடைக்கும். திட்ட அறிக்கையில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு செலவு என்று வரும்போது வெளியில் கட்டுவதுதான் மலிவு. குடியேறும் குடும்பம் வருஷா வருஷம் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் கொடுப்பது, இழந்த வேலை, பிள்ளை பள்ளி மாறியது, இதெல்லாம் அந்த அறிக்கையில் செலவே இல்லை. அரசின் பணம் இல்லையே, அது குடும்பத்தின் பணம். அந்த வரியைப் போட்டுக் கூட்டியிருந்தால் எது மலிவு என்பதே மாறியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வடக்கே ஒருவன்:

சர்வேயில் ஒரு வகையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். காலி செய்வதற்கு முன்னால் எடுக்கும் கணக்கெடுப்பு. கைரேகை வைக்கச் சொல்வார்கள், கதவில் எண் எழுதுவார்கள். அதுதான் நிஜமான சர்வே, அதில் பெயர் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் பக்கம் எடுத்தபோது பகலில் வந்தார்கள். மீன் மார்க்கெட்டுக்குப் போனவர்கள், துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு அக்கா வீட்டில் தூங்கியவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள் எல்லாம் விட்டுப்போனார்கள். வாடகைக்கு இருந்தவனா, வீட்டுக்காரனா என்று ஒரு சண்டை. ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் என்று இருந்தால் அது ஒரு வீடா இரண்டா என்று இன்னொரு சண்டை. ரேஷன் கார்டு இரண்டாக இருந்தால் இரண்டு, ஒன்றாக இருந்தால் ஒன்று. இதைச் சரிசெய்ய எங்கள் தெரு ஆட்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே. கல்லூரிக்காரர்கள் கேட்கும் ஐம்பது கேள்வியைவிட அந்த ஒரு நாள் வீட்டில் இருந்தோமா இல்லையா என்பதுதான் எங்களுக்குப் பட்ஜெட்.

கள ஆய்வு மாணவி:

இதை மறுக்கவே மாட்டேன். 2021 அக்டோபரில் மறுகுடியமர்வு, மறுவாழ்வுக் கொள்கைக்கு ஒரு வரைவு வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கணக்கெடுப்பை எப்படி எடுக்க வேண்டும், குடியேற்றுவதற்கு முன்னால் மக்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்ற பேச்சு அதற்குள் வந்ததே, வெளியேற்றங்களை வருஷக்கணக்கில் பதிவு செய்துவந்த சிறிய அமைப்புகளால்தான். 2014லேயே 'விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் கண்ணகி நகர் உள்பட மூன்று நகரங்களின் குடியிருப்புகளைப் பற்றி ஒரு அறிக்கை வந்தது. அதில் கேட்டது எல்லாம் கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் "எங்களுக்குத் தெரியாது" என்று இனி அதிகாரி சொல்ல முடியாது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

மூணாவது மாடி:

ஒரு சந்தேகம். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் இங்கே யாரும் உண்மையைச் சொல்வதில்லை. கூடச் சொன்னால் ஏதாவது நின்றுவிடுமோ என்று பயம், மகளிர் உரிமைத்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கரண்ட் 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னதில் இருந்து அது இன்னும் அதிகம். அப்படியானால் இந்த எண்ணை வைத்து என்னதான் செய்வீர்கள்?

கள ஆய்வு மாணவி:

தெரிந்துதான் வருமானத்தை நம்பாமல் செலவைக் கேட்கிறார்கள். அரிசி எவ்வளவு, கேஸ் எவ்வளவு, போன் ரீசார்ஜ் எவ்வளவு என்று கூட்டினால் ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் வரும். மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இப்படித்தான். 2022-23ல் இந்திய நகரங்களில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக 6,459 ரூபாய், தமிழக நகரங்களில் 7,630. ஆனால் இந்திய நகரங்களின் கடைசி 5 சதவீதம் பேருக்கு அது 2,001 ரூபாய்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், இதற்கு முன் வெளிவந்த கணக்கு 2011-12க்கு உரியது. நடுவில் 2017-18ல் எடுத்தார்கள், தரம் சரியில்லை என்று சொல்லி 2019ல் வெளியிடாமலே விட்டுவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல், எந்த நகரத்தில் எவ்வளவு ஏழ்மை என்பதற்குப் புதிய கணக்கே இல்லாமல் மத்திய பட்ஜெட்டுகள் போடப்பட்டன. பணமதிப்பு நீக்கமும் கொரோனாவும் இந்த இடைவெளியில்தான் வந்தன.

வரி கட்டுறவன்:

2,001ஆ? ஒரு மாசத்துக்கு, ஒரு ஆளுக்கு? வாடகை எல்லாம் சேர்த்தா?

கள ஆய்வு மாணவி:

சாப்பாடு, துணி, மருந்து, பேருந்து, கொடுக்கும் வாடகை எல்லாம் சேர்த்து. சொந்தக் கூரை இருந்தால் அதற்கு வாடகை கற்பனையாகச் சேர்க்க மாட்டார்கள். இலவசமாக வந்த அரிசியும் இந்த எண்ணில் இல்லை, அதைச் சேர்த்துத் தனியாக ஒரு எண் போடுகிறார்கள், பெரிய வித்தியாசம் இல்லை.

பழைய கணக்குப்பிள்ளை:

ஆய்வு பட்ஜெட்டுக்கு உதவிய இடம் ஒன்றை நானே ஒத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஒருபக்கமாகப் பேசினது போலாகும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021 மே மாதம் வந்தது, அப்போது 1,200 கோடி என்றார்கள். 2024-25க்கு 3,050 கோடி. ஆரம்பத்தில் எந்த ஆய்வும் கிடையாது, தேர்தல் வாக்குறுதிதான். ஆனால் மாநிலத் திட்டக்குழு அப்புறம் ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று எண் கொடுத்தது. அந்த எண் வந்த பிறகு "நட்டம்" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் குறைந்தது, ஒதுக்கீடு கூடும்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆக, ஆய்வு திட்டத்தைப் பெற்றெடுக்கவில்லை, பிறந்த திட்டத்தைக் காப்பாற்றியது. எனக்குத் தெரிந்து ஆய்வு செய்யும் உருப்படியான வேலை பெரும்பாலும் இதுதான்.

மூணாவது மாடி தம்பியின் அம்மாவுக்கு இதில் நேரடியாகவே பொருத்தம் இருக்கிறது. முன்னே சொன்னேனே, திட்ட அறிக்கையில் போடாமல் விட்ட பேருந்துச் செலவு என்று, அதில் ஒரு பங்கைப் போக்குவரத்துத் துறை இப்போது தன் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுவசதித் துறை புத்தகத்தில் அது தெரியாது.

வடக்கே ஒருவன்:

பஸ் வந்தால்தானே ஐயா மிச்சம். ஐந்தரை மணிக்கு எத்தனை வண்டி விடுகிறார்கள் என்று ஒரு ஆய்வு எடுக்கச் சொல்லுங்கள். சொகுசுப் பேருந்தாக வந்தால் அதற்குக் காசு.

மூணாவது மாடி:

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே வருபவர்கள் யாரும் பேருந்து நேரத்தைக் கேட்டதே இல்லை. சரி, நான் உருப்படியாக என்ன செய்ய முடியும்? எங்கள் பிளாக்கில் படித்த பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், கூட்டிப் பேச முடியும்.

கள ஆய்வு மாணவி:

அடுத்த முறை யாராவது ஃபாரத்தோடு வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்த நிறுவனம், யார் பணம், முடிவை எங்களுக்குத் தமிழில் தருவீர்களா. மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் பதில் சொல்ல மாட்டோம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, பெயரையும் ஆதார் எண்ணையும் கேட்டால் நிச்சயமாகக் கொடுக்காதீர்கள். காலி செய்வதற்கான அரசுக் கணக்கெடுப்பு மட்டும் வேறு, அதில் கட்டாயம் பெயர் வர வேண்டும், பதிவு செய்ததற்கு ஒப்புகைச்சீட்டு வாங்க வேண்டும்.

பேருந்து நேரத்தை நீங்களே எடுக்கலாம். காலை நாலரையில் இருந்து எட்டு வரை நிறுத்தத்தில் யாராவது முறை வைத்து உட்கார்ந்து, எந்த எண், எத்தனை மணி, கட்டணமில்லா வண்டியா, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதினால் போதும். பெரிய புள்ளியியல் ஒன்றும் தேவையில்லை. எழுதிய நோட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:

அதை எங்கே கொண்டுபோவது என்பதற்கு, உங்கள் இடம் ஊராட்சியாக இருந்தால் கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர மார்ச் 22, நவம்பர் 1 அன்றும் நடக்கும். அங்கே ஊராட்சியின் வரவுசெலவை வாசிக்க வேண்டும், வாசிக்காவிட்டால் கேளுங்கள். மாநகராட்சிக்குள் இருந்தால் ஏரியா சபை, 2022ல்தான் ஆரம்பித்தது, கவுன்சிலர்தான் கூட்டுவார். சென்னையில் 2016ல் இருந்து 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகளே மாநகராட்சி பட்ஜெட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதோடு பார்த்தால் இது பரவாயில்லை. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், பேச்சாகப் போய்விடக் கூடாது.

லிஃப்டுக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீடு. "ஏன் சரிசெய்யவில்லை" என்று எழுதாதீர்கள், ஏன் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். இந்தக் குடியிருப்பில் லிஃப்ட் பராமரிப்புக்கு கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, ஒப்பந்தம் எந்தத் தேதி வரை, ஒப்பந்த நகல், குடியிருப்போரிடம் வசூலித்த பராமரிப்புத் தொகையின் வரவுசெலவு. இவ்வளவுதான். ஒவ்வொரு கேள்விக்கும் தனி எண் போடுங்கள், மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாவது மாடி:

ஒப்பந்த நகல் கேட்கலாம் என்று தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து எழுதுகிறோம். அனுப்புவதற்கு முன்னால் இங்கே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள் ஐயா.

வரி கட்டுறவன்:

பேருந்து கணக்கு எடுத்தா அதையும் இங்கே போடுங்க. எங்க வீட்ல வேலை செய்யற அம்மாவும் அந்தப் பக்கம்தான், எட்டரைக்குத்தான் வர முடியுதுன்னு சொல்லுவாங்க, நான் நம்பினதில்ல.